முதலில் சின்னதா, பெரியதா?

உலகத்தின் தலையெழுத்தை மாற்றிய முடிவுகளெல்லாம் அரண்மனைகளிலும் சட்டசபைகளிலும் எடுக்கப்பட்டன என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பாவம், அவர்களில் ஒருவர்கூட எங்கள் ஊர் கிளைடின் ஹார்டுவேர் கடைக்கு வந்ததில்லை. ஆணிப் பெட்டிகளுக்கும் துப்பாக்கிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவே ஒரு வட்ட மேசை, நான்கு நாற்காலி, ஒரு தட்டு டோனட். மனித அறிவு உச்சத்தைத் தொட்டது அந்த இடத்தில்தான்.

சனிக்கிழமைதோறும் அங்கே கூடுவது 'பாதுகாப்பு ஆலோசனைக் குழு'. தலைவர் கிளைட். கடை அவருடையது என்பதால் தேர்தல் தேவைப்படவில்லை. உறுப்பினர் நார்ம், ஓய்வு பெற்ற தபால்காரர். வாழ்நாளில் நாய்களைத் தவிர வேறு எதிரியைப் பார்த்திராதவர். செயலாளர் அடியேன், வெண்டல். பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் பிள்ளைகளின் சான்றிதழ்களில் பெயர் எழுதிய கை இது. என் கையெழுத்தைப் பார்த்து எங்கள் நெப்ராஸ்கா மாநிலமே பொறாமைப்பட வேண்டும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, என் தங்கை நோரீனின் கணவன் டாரெல் கடைக்குள் வந்தான்.

"கிளைட், ஒரு தாழ்ப்பாள் குடு. பின்கதவு சாத்த மாட்டேங்குது. நோரீன் உயிரை எடுக்கிறா."

அந்தக் கதவை நான் அறிவேன். தாழ்ப்பாள் உடைந்து இரண்டு வருடம் ஆயிற்று. முழங்காலால் ஒரு இடி இடித்தால் திறந்துகொள்ளும். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் உள்ளே போவார்கள். அவர்கள் மகள் ஹாலி ஒமாஹாவில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஊருக்கு வந்தால் முதலில் கேட்பது அந்த இடிதான், அடுத்து ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம்.

கிளைட் கையிலிருந்த டோனட்டைக் கீழே வைத்தார். அது சாதாரண நிகழ்ச்சி அல்ல.

"அப்ப யார் வேணா உள்ள வரலாம்கிற?"

"வரலாம்தான். அதான் தாழ்ப்பாள்..."

"அட மனுஷா! வர்றவன்கிட்ட தாழ்ப்பாளையா எடுத்து நீட்டுவ?"

டாரெல் திகைத்துப்போனான். இந்தக் கோணத்தில் அவன் யோசித்ததே இல்லை. நானும் யோசித்ததில்லை என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் கடைசியாக நடந்த குற்றம், சர்ச் வாசலில் வைத்திருந்த பூசணிக்காய் காணாமல் போனது. விசாரணையில் அது மானின் வேலை என்று தெரியவந்தது. ஆனால் மான் வந்த வழியில் மனிதன் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நார்ம் கேட்டபோது எல்லாரும் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தோம்.

கிளைட் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு கைத்துப்பாக்கிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று சின்னது, இடுப்பில் செருகிக்கொள்ள. இன்னொன்று பெரியது, கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ள. இரண்டும் வேண்டும் என்பது ஐந்தே நிமிடத்தில் முடிவாகிவிட்டது. எதை முதலில் வாங்குவது என்பதற்கு மட்டும் ஆறு வாரம் பிடித்தது. ஆழமாகச் சிந்திப்பவர்களுக்கு அப்படித்தான் ஆகும்.

"சின்னதுதான் முதல்ல. எந்நேரமும் கூடவே இருக்கும்," என்றார் கிளைட்.

"இவன் தொப்பைக்கு அடியில செருகினா இவனே தேடி எடுக்கணும்," என்றார் நார்ம். "திருடன்கிட்ட 'கொஞ்சம் இருப்பா'ன்னு சொல்லணும்."

"பெரிசை எடுத்துக்கிட்டு கக்கூஸுக்குப் போவானா?"

"கக்கூஸுக்கா திருடன் வருவான்?"

"வரமாட்டான்னு எழுதிக் குடுப்பியா?"

நார்ம் எழுதிக் கொடுக்கவில்லை. 'கழிவறை அபாயம் நிராகரிக்கப்படவில்லை' என்று நான் குறிப்பில் எழுதினேன். 

நான்காவது வாரம் நோரீன் நேரில் வந்து நின்றாள். 

"ஏன்யா, தாழ்ப்பாள் வாங்க அனுப்பி ஒரு மாசமாச்சு. துப்பாக்கின்னு பேசிக்கிட்டிருக்கீங்களாமே? அதுவும் எதுக்கு ரெண்டு?"

"யாரு ரெண்டு வாங்குறா? முதல்ல ஒண்ணுதானே வாங்குறோம்," என்றான் டாரெல். குழு அவனைப் பெருமையோடு பார்த்தது.

"அண்ணா, நீயாவது சொல்லு. நவம்பர் கடைசியில நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு ஹாலி வர்றா. அதுக்குள்ள எனக்குக் கதவு சாத்தணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

கிளைட் பொறுமையாக விளக்கினார். "தாழ்ப்பாள் போட்டா திருடன் வெளியவே நின்னுடுவான்மா. அப்புறம் இவ்வளவு செலவு பண்ணி வாங்கின துப்பாக்கிக்கு என்ன மரியாதை?"

நோரீன் என்னையே பார்த்தாள். செயலாளர் கருத்துச் சொல்லக் கூடாது என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். அது அன்று மிகவும் உதவியது. கிளைடின் தலைக்குப் பின்னால் ஆணியில் தாழ்ப்பாள்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. 

நவம்பர் நடுவில் சின்னது வென்றது. பெரியது கிறிஸ்துமஸுக்கு என்று தீர்மானம். அன்று முதல் டாரெல் நிமிர்ந்து நடந்தான். சோஃபாவில் தூங்கும்போதுகூட அவன் முகத்தில் ஒரு பொறுப்பு தெரிந்தது.

விருந்துக்கு முந்தின நாள் புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நோரீன் மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். டாரெல் டிவியில் மீன்பிடி நிகழ்ச்சியைப் போட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை வருவதாகச் சொன்ன ஹாலி, அம்மா அப்பாவுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி கொடுக்கலாமென்று, ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிப் பசியோடு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். முழங்காலால் ஒரு இடி. கதவு திறந்தது. குளிருக்குச் சட்டையோடு தைத்த தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டிருந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தால் பூசணிப் பணியாரத்தை மறைத்துக்கொண்டு நாளைய வான்கோழி. பதினெட்டு பவுண்டு, உள்ளே இன்னும் கல்லாக உறைந்திருந்தது. பணியாரத்தை எடுப்பதற்காக வான்கோழியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள்.

டாரெல் கண் விழித்தான். முகம் தெரியாத யாரோ தன் வான்கோழியைக் களவாடிக்கொண்டு போவதைப் பார்த்தான். ஒரு குடும்பத் தலைவன் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தான். தொப்பைக்கு அடியிலிருந்து அரை நொடியில் எடுத்தான். நார்ம் சந்தேகப்பட்டது தவறு என்பதைப் பதிவு செய்கிறேன்.

குண்டு வான்கோழிக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. அமெரிக்காவிலேயே இரண்டு முறை இறந்த வான்கோழி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"அப்பா, நான்தான்பா," என்றாள் ஹாலி. பிறகு வான்கோழி அவள் கால்மேல் விழுந்தது.

விருந்தன்று அவள் என் வீட்டில் இருந்தாள். அவள் அப்பா வாசலில் பிக்கப் வண்டியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கதவைத் தட்டாமலே போய்விட்டான். ஹாலி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"மாமா, இனிமே நான் வீட்டுக்குப் போறதுன்னா போன் பண்ணிட்டுப் போகணுமா?"

 "குழுவில் கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

சனிக்கிழமை அவசரக் கூட்டம். டாரெல் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். டோனட்டை யாரும் தொடவில்லை. கிளைட் தொண்டையைச் செருமினார்.

"ஒளிவுமறைவு இல்லாம பேசுவோம். தப்பு நம்ம மேலதான்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. என்ன பெருந்தன்மை!

"சின்னதை முதல்ல வாங்கச் சொன்னது நம்ம தப்பு," என்று தொடர்ந்தார். "இதுக்கு பலம் பத்தாது. ஒரு கோழியைத் தாண்ட முடியல பாரு. பெரிசா இருந்திருந்தா நேரா அந்தப் பக்கம் போயிருக்கும்."

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் நார்ம்.

டாரெல் நாற்காலியை மேசையிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.   அதைத் தீர்மானமாக்க மற்ற மூவரும் கை தூக்கினோம். எழுதும் கை வலது என்பதால் நான் இடது கையைத் தூக்கினேன்.

அப்போது நோரீன் உள்ளே வந்தாள். நேரே போய்க் கிளைடின் தலைக்குப் பின்னால் எட்டி, ஆணியிலிருந்து ஒரு தாழ்ப்பாளை எடுத்தாள். காசைத் துப்பாக்கியின் பக்கத்தில் வைத்தாள். 

"என்ன முடிவு பண்ணீங்க அண்ணா? படி."

நான் படித்தேன். "பெரியதை முதலில் வாங்கியிருந்தால் குண்டு சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று குழு ஒருமனதாகக் கருதுகிறது."

"எங்க போய்ச் சேர்ந்திருக்கும்?"

கிளைட் ஆணிப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

"அது விட்டுப்போச்சே அண்ணா. எழுது. அவ பேரு உனக்குத் தெரியாதா? ஞானஸ்நானத்துல நீதானே வச்ச." அவள் திரும்பி டாரெலின் தோளைத் தொட்டாள். "எந்திரி. கதவுக்குத் தாழ்ப்பாள் போடணும்."

அவர்கள் போனபின் நான் பேனாவை எடுத்தேன். குறிப்பு முழுமையாக இருக்க வேண்டுமல்லவா? இப்போது அதில் இப்படி இருக்கிறது: பெரியதை முதலில் வாங்கியிருந்தால் குண்டு ஹாலியின் நெஞ்சில் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆதரவு மூன்று, எதிர்ப்பு இல்லை. கீழே முதல் கையெழுத்து என்னுடையது. மிகவும் அழகாக வந்திருக்கிறது.