சேவுகப்பெருமாளின் பறவை நோட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் மானம் போகப்போகிறது என்பது சேவுகப்பெருமாளுக்கு வியாழக்கிழமை சாயங்காலமே தெரிந்துவிட்டது. மானம் போனால்கூடப் பரவாயில்லை. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அது அவ்வப்போது போய்விட்டுத் திரும்பி வந்ததுதான். ஆனால் இந்தத் தடவை கூடவே பணியாரமும் போய்விடும். அதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சேதி கொண்டுவந்தவள் காளீஸ்வரி. கோட்டையூரில் நூலகம் நடத்துகிற பெண். சும்மா இருக்கத் தெரியாதவள். நூலகம் என்றால் புத்தகம் கொடுத்தோமா, வாங்கினோமா என்று இருக்க வேண்டும். இவள் கோலப்போட்டி, கதை சொல்லல் என்று ஏதாவது ஒன்றை மாதாமாதம் கிளப்பிவிடுவாள். இந்த மாதம் நாரை.

"சார், வலசைப் பறவை விழா வச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு எல்லாரும் பெரிய கண்மாய்க்கு நாரை பார்க்கப் போறோம். நீங்கதான் முன்னால நின்னு எது எது என்ன பறவைன்னு சொல்லணும்."

"நானா?"

"உங்கள விட்டா யாரு சார் இருக்கா? ரெண்டு வருஷமா தினமும் விடிஞ்சும் விடியாம கண்மாயில போயி நிக்கிறீகளாமே. அக்காதான் சொன்னாக. உங்க நோட்டையும் கொண்டு வாங்க. கண்காட்சியில வைக்கணும்."

அக்கா என்பது அவர் மனைவி முத்தழகு. சர்க்கரை போடாத காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, புருஷனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெருமையைப் பார்த்ததும் சேவுகப்பெருமாளுக்குக் காப்பி இறங்கவில்லை.

நடந்தது இதுதான். மின்வாரிய வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்ற மறு மாதமே, ரத்தத்தில் சர்க்கரை வேலைக்குச் சேர்ந்துவிட்டது. தினமும் நடக்க வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்றார் டாக்டர். டாக்டர் சொன்னதை முத்தழகு சட்டமாக்கினாள். அன்றைக்கு அடுப்பில் ஏறிய கேழ்வரகுக் கஞ்சி இன்னும் இறங்கவில்லை.

பெரிய கண்மாய்க்குப் போகிற வழியில், சாலை ஓரம், சோலையம்மாள் கடை. காலை ஆறு மணிக்கு அங்கே வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் மிதந்து திரும்பும். பக்கத்தில் வரமிளகாய்த் துவையல். நடக்கப் போகிறேன் என்று கிளம்பினால் அரைமணி நேரத்தில் வீடு திரும்ப வேண்டும். அதற்குள் நாலு பணியாரத்தை அவசரமாகத் தின்பது பணியாரத்துக்கே அவமரியாதை. யோசித்தார். பறவை பார்க்கப் போகிறேன் என்றால் யாரும் கணக்குக் கேட்க முடியாது. பறவை எப்போது வரும், எப்போது போகும் என்று யார் கண்டது? அன்றிலிருந்து அவர் பறவை ஆர்வலர் ஆனார்.

முத்தழகு சந்தோஷப்பட்டு ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்தாள். "பார்த்ததை எல்லாம் எழுதுங்க" என்றாள். அதுதான் வினை. நோட்டு என்று ஒன்று இருந்தால் நிரப்ப வேண்டும். நூலகத்திலிருந்து ஒரு பறவைப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதன் கடைசியில் எல்லாப் பறவைகளின் பெயரும் அட்டவணையாக இருந்தது. பணியாரம் தின்ற கையோடு, சோலையம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாளுக்கு ஒன்றாக எழுதினார்.

வியாழக்கிழமை காளீஸ்வரி போன பிறகு, முதல்முறையாக அந்த நோட்டை முழுசாகப் படித்துப் பார்த்தார்.

முதல் நாள் அரிவாள் மூக்கன். இரண்டாம் நாள் ஆலா. மூன்றாம் நாள் ஆள்காட்டி. நாலாம் நாள் உள்ளான். ஐந்தாம் நாள் ஊசிவால் வாத்து. கோட்டையூர்ப் பெரிய கண்மாய்க்கு இரண்டு வருஷமாகப் பறவைகள் அகர வரிசை தவறாமல் வந்து போயிருந்தன. கடைசிப் பறவை வந்து முடிந்த மறுநாளே மறுபடி அரிவாள் மூக்கன் வந்திருந்தது.

அதைவிட மோசம் ஒன்று போன பங்குனியில் இருந்தது. "கண்மாய் மிக அமைதி. மனித நடமாட்டம் இல்லை. கூழைக்கடா முப்பது" என்று தேதி போட்டு எழுதியிருந்தார். அன்றைக்குத்தான் மீன்பிடித் திருவிழா. ஐந்தாறு ஊர் ஜனம் விடியுமுன்னே வலையும் ஊத்தாக் கூடையுமாகக் கண்மாயில் இறங்கிச் சேற்றைக் கலக்கியதில் கூச்சல் வானத்தைத் தொட்டது. முத்தழகுகூட இரண்டு விரால் கொண்டுவந்தாள். அதைக் குழம்பு வைத்து மத்தியானம் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டவரே இவர்தான். சாப்பிட்டுவிட்டு அந்தக் கையாலேயே முப்பது கூழைக்கடாவை எழுதியிருந்தார்.

இப்போது நோட்டைத் தொலைக்கலாமா? எரிக்கலாமா? தண்ணீரைக் கொட்டிவிடலாமா? எதுவும் முடியாது. அதைப் பழைய பட்டுத்துணியில் சுற்றி முத்தழகு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கண்காட்சிக்குப் போகிற பொருளாம்.

வெள்ளிக்கிழமை முழுக்க அறைக்குள் உட்கார்ந்து பறவைப் படங்களை மனப்பாடம் செய்தார். எல்லாம் வெள்ளையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் நீளக் கால். கூடத்தில் முத்தழகு நூலகத்துக்காகக் காகித நாரை மடித்துக்கொண்டிருந்தாள். நூறு நாரை மடித்துக் கட்ட வேண்டுமாம்.

"அழகாத்தான் இருக்கு. கழுத்தை மட்டும் கொஞ்சம் உள்ள மடக்கிவிடு" என்றார், ஆர்வலருக்குரிய குரலில்.

"மடக்கினா அது கொக்குங்க. நாரை கழுத்த நீட்டிக்கிட்டுல்ல பறக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லித்தான்."

தான் எப்போது சொன்னோம் என்று அவருக்கு நினைவில்லை. சொல்லியிருப்போம் போல என்று விட்டுவிட்டார். ஒரு நிமிஷம் அவருக்கே தன்மேல் மதிப்பு உண்டானது. அடுத்த நிமிஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து மறுபடி பறவைப் படங்களிடம் போனார்.

ஊர்க்காரர்கள் முன்னால் உளறினால் சமாளிக்கலாம். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். முத்தழகு முன்னால் உளறினால் அவள் சிரிக்க மாட்டாள். இரண்டு வருஷமாக இந்த மனுஷன் எங்கே போனான் என்று யோசிப்பாள். அவள் யோசிக்க ஆரம்பித்தால் பதினைந்தாவது நிமிஷம் சோலையம்மாள் கடைக்கு வந்து நிற்பாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை முத்தழகு ஊரில் இருக்கக் கூடாது.

"முத்தழகு, உன் தங்கச்சியப் பார்த்து எத்தனை நாளாச்சு?"

"போன வாரம்தான வந்துட்டுப் போனா."

"அவ வந்தா. நீ போகலையே. நாட்டரசன்கோட்டைக்கு ஒரு எட்டு போயிட்டு வாயேன். அப்படியே கண்ணாத்தா கோயில்ல எனக்காக வேண்டிக்க. கண்ணு லேசா மங்கலா இருக்கு."

"கண்ணு மங்கலா இருந்தா எப்படி பறவை பார்க்குறீக?"

"அதுக்குத்தான் வேண்டிக்கச் சொல்றேன்."

"சரி, திங்கக்கிழமை போறேன். ஞாயித்துக்கிழமை நீங்க பேசுறதக் கேக்க வேணாமா?"

"நீ எதிர்ல நின்னா எனக்கு வாயே வராது முத்தழகு."

"அது எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்க்குறேன்ல."

கொஞ்ச நேரம் காகிதத்தை மடித்தாள். பிறகு, "சரிங்க, போறேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. சாமர்த்தியசாலியாக இருந்தால் அந்த இடத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். சேவுகப்பெருமாளுக்கு நிம்மதிதான் வந்தது. சனிக்கிழமை நாலு மணிக்கு அவரே பையைத் தூக்கிக்கொண்டு போய், அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றி, பஸ் திருப்பத்தில் மறையும்வரை கையை ஆட்டிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய கண்மாய்க் கரையில் முப்பது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். தண்ணீர்மேல் பனி கிடந்தது. மூன்று நாளாகப் பணியாரம் இல்லாததால் சேவுகப்பெருமாளுக்குக் கால் தள்ளாடியது. காளீஸ்வரி பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"அங்குட்டு பாருங்க சார். அந்தப் பட்டுப்போன கருவேல மரத்துல நிக்குதே, அது என்ன?"

சேவுகப்பெருமாள் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. நீளக் கால்.

"அதாவது... அது ஒரு பறவை" என்றார்.

"சரி சார். பேரு?"

"பேருங்கிறது நாம வைக்கிறது. பறவைக்கு முக்கியம் சுதந்திரம்."

"சுதந்திரம் இருக்கட்டும் சார். பேரு?"

அரிவாள் மூக்கனிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாமா, எங்காவது ஓரிடத்தில் பொருந்தாதா என்று அவர் வாயைத் திறந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நத்தைகுத்தி நாரை. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவுல சந்து தெரியுது பாருங்க. அந்தச் சந்துலதான் நத்தைய இடுக்கி எடுக்கும்."

திரும்பினார். முத்தழகு நின்றாள். அவள் கழுத்திலும் ஒரு பைனாகுலர் தொங்கியது.

"நீ... நாட்டரசன்கோட்டை..."

"அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டேன். காளீஸ்வரி வீட்டுலதான் தங்கியிருந்தேன்."

"நம்ம அக்காதான் ரெண்டு வருஷமா நூலகத்துக்குப் பறவைக் கணக்கு எழுதித் தர்றாக" என்று காளீஸ்வரி கூட்டத்துக்குச் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. சேவுகப்பெருமாளும் தட்டினார். வேறென்ன செய்வது?

"எப்படி?" என்றார் மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"ஒருநாள் நீங்க குரங்குக் குல்லாவ மறந்துட்டுப் போயிட்டீக. பனியாச்சேன்னு எடுத்துக்கிட்டு குறுக்கு வழியா இங்க ஓடி வந்தேன். உங்களக் காணோம். நாரை நின்னுச்சு."

"அப்புறம்?"

"உங்களத் தேட மறந்துட்டேன்."

அப்போது ஒரு பறவைக் கூட்டம் வந்தது. கிழக்கே, வெளிச்சம் வருகிற பக்கமிருந்து, நாற்பது ஐம்பது நாரைகள், கழுத்தை நீட்டி, காலை நீட்டி, சத்தமே இல்லாமல் தலைக்குமேல் வட்டமடித்துத் தண்ணீரில் இறங்கின. முத்தழகு உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இதையெல்லாம் நானூறு அடி தூரத்தில் விட்டுவிட்டுத் துவையலைத் தொட்டுக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

தன் முகத்தை மறைக்கப் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு கரையின் மறுபக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கண்ணாடிக்குள் சோலையம்மாள் கடை இருந்தது. கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில். சட்டி தெரிந்தது. சட்டியில் பணியாரம் திரும்புவது தெரிந்தது. அவர் உட்காரும் பெஞ்சும், பெஞ்சில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான இடமும் தெரிந்தன. இரண்டு வருஷத்தில் ஒருநாளாவது தட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் யாரோ தன்னைப் பார்ப்பது தெரிந்திருக்கும். சோலையம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நெடுநாள் பழக்கம்போல, கரையை நோக்கிக் கையை ஆட்டினாள்.

அவருக்குப் பக்கத்தில் நின்ற முத்தழகு பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

பிறகு எல்லாரும் நூலகத்துக்கு வந்தார்கள். மேலே நூறு காகித நாரைகள் கழுத்தை நீட்டித் தொங்கின. முத்தழகுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேசைமேல், முத்தழகு தன் ஊர்ப் பையில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு நோட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சேவுகப்பெருமாளின் அகர வரிசை நோட்டை யாரும் சீண்டவில்லை. முத்தழகின் நோட்டைச் சுற்றித்தான் கூட்டம். படித்தவர்கள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்; மறுபடி குனிந்து படித்தார்கள்.

கூட்டம் விலகியதும் போய்ப் பார்த்தார். கடைசிப் பக்கம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. முத்தழகின் குண்டு குண்டான கையெழுத்து.

"பெயர் தெரியாத உள்ளூர்ப் பறவை. தலையில் பழுப்புக் குல்லா. வயிறு பெரிது. தினமும் காலை ஆறு பத்துக்குச் சாலையோரம் வந்து அமரும். இரை, வெள்ளைப் பணியாரம் ஆறு. மழை நாளில் எட்டு. தின்றதும் துண்டால் மூன்று முறை வாயைத் துடைக்கும். கூடு திரும்பியதும் பசியே இல்லை என்று குரல் கொடுக்கும். மனிதர்களைக் கண்டு அஞ்சாது. மனைவியைக் கண்டால் அஞ்சும்."

அதற்குக் கீழே இன்றைய தேதி போட்டு, மை காயாமல், ஒரே ஒரு வரி இருந்தது.

"இப்பறவையின் வலசை இன்றோடு முடிந்தது, இனி வருஷம் முழுக்கக் கூட்டிலேயே காணலாம்."