மூன்றாம் அலகு காலி

மூன்றாம் அலகு காலியாகவே கிடந்தது.

கணினி வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். 'கணினியும் தொடர்பியலும்' என்ற புதிய படிப்பின் பாடத்திட்டம் மூன்று மணிக்குள் கல்லூரியின் அனுமதிக் குழுவுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் படிப்பு கிடையாது. படிப்பு இல்லாவிட்டால் அவருடைய ஆய்வகம் அடுத்த வாரமே விளையாட்டுத் துறையின் சாமான் அறையாகிவிடும். இருபது வருஷமாகக் கட்டிக் காத்த அறையில் கிழிந்த வலைகளும் காற்றுப் போன பந்துகளும் வந்து குடியேறும்.

ஆறு அலகுகளில் மூன்று அவருடையவை. மற்ற மூன்றும் தொடர்பியல் துறைத் தலைவியுடையவை. மூன்றாம் அலகில் அந்த அம்மாள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: 'செய்முறை முடிந்த பின் நிரப்பப்படும்.'

என்ன செய்முறை என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அடுத்த கட்டடத்தில்தான் இருக்கிறாள். ஆனால் கேட்க முடியாது. அவள் அவருடைய மனைவி. இருவருக்கும் நான்கு நாளாகப் பேச்சு இல்லை. அவள் ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுப்பவள் என்பதெல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்.

சண்டை சமையலறைக் குழாயில் தொடங்கியது. அது ஒழுகுவதைப் பற்றி அவள் அரை மணி நேரம் சொன்னாள். அவர் லேப்டாப்பில் கண்ணை வைத்துக்கொண்டு ஏழு தடவை "ம்" போட்டார். "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்?" என்றாள். அதற்கும் "ம்" போட்டார். அதோடு அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

முதலில் பேசுகிறவர் தோற்றவர். ஆனால் எழுதுவது பேசுவதாகாதே! இருவருக்கும் பொதுவான அந்தக் கோப்பிலேயே, சிவப்பு எழுத்தில் திருத்தக் குறிப்பு ஒன்றைத் தட்டினார்.

'இந்த அலகு காலியாக உள்ளது. ஆவன செய்யவும்.'

ஒரு நிமிஷத்தில் கீழே பதில் முளைத்தது. 'சமையலறையில் நான்கு நாளாக வாளி நிரம்புகிறது. ஆவன செய்யவும்.'

'இது கல்லூரி ஆவணம்.'

'இதையாவது படிப்பீர்கள் என்றுதான்.'

வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு தானே அலகை நிரப்ப ஆரம்பித்தார். 'கவனித்துக் கேட்டல்: ஓர் அறிமுகம்.'

'சாத்தான் வேதம் ஓத வந்துவிட்டது' என்று பக்கத்திலேயே சிவப்பு வரி வந்து நின்றது.

அவரும் விடவில்லை. அவருடைய குறட்டை, அவள் தொலைத்த சாவி, அவள் அப்பாவுக்குக் கைபேசி சொல்லிக்கொடுக்கப் போய் வாத்தியார் கத்திய கத்தல் என்று சிவப்பு வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தாவின. மணி இரண்டு ஐம்பத்தெட்டு ஆனபோதுதான் வாத்தியாருக்குச் சுரணை வந்தது. அத்தனையையும் ஒரே அடியாக நீக்கப் பார்த்தார். திரையில் ஒரு கேள்வி எழுந்தது. கணினித் துறையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர், அந்தக் கேள்விகளை ஒரு நாளும் படித்ததில்லை. "ம்" போடுகிற அதே பழக்கத்தில் 'சரி'யைத் தட்டினார். கையோடு 'அனுப்பு' என்பதையும் தட்டினார்.

சிவப்பெல்லாம் கறுப்பாயிற்று. 'எல்லாத் திருத்தங்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. கோப்பு குழுவுக்குச் சென்றுவிட்டது' என்றது கணினி.

"ஐயையோ!"

ஓட்டமும் நடையுமாகக் கூட்ட அறைக்குப் போனார். அதற்குள் அலுவலகத் தட்டச்சர் பிரதிகளை அச்சடித்து ஆளுக்கொன்றாக வைத்திருந்தார். எதிரே மனைவி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கல்லூரி முதல்வர் உரக்கப் படித்தார்.

"மூன்றாம் அலகு. 'நான்கு நாளாக வாளி நிரம்புகிறது'... 'சாத்தான் வேதம் ஓத'... 'குழாய் ஒழுகினால் பரவாயில்லை. நான் பேசுவது உங்கள் காதில் விழுந்தால் போதும்.'"

அந்தக் கடைசி வரியை வாத்தியார் பார்க்கவே இல்லை. எதிரே இருந்த பிரதியை இழுத்து அதை மறுபடி படித்தார்.

முதல்வர் தாளைக் கீழே வைத்தார். "யாருங்க இதை எழுதினது? எங்க வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்து எழுதின மாதிரி இருக்கே! இப்படிப் பாடம் நடத்தினா எந்தப் பிள்ளை தூங்கும்? அனுமதி குடுத்தாச்சு!"

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். ஆய்வகம் பிழைத்தது. வாத்தியாருக்கு அந்தச் சந்தோஷம்கூட உறைக்கவில்லை. நேராக மனைவியிடம் போய் நின்றார்.

"நான் தோத்துட்டேம்மா. தப்பு என்னோடதுதான். சாயங்காலமே குழாயை மாத்திடறேன். இனிமே நீ பேசினா லேப்டாப்பை மூடி வச்சுட்டுக் கேக்கறேன்."

நான்கு நாளில் முதல் முறையாக அவள் சிரித்தாள். "ம்" என்றாள்.

பிரதிகளைத் திரும்பச் சேகரித்துக்கொண்டிருந்த தட்டச்சர் நிமிர்ந்தார்.

"மேடம், சார் பேசிட்டாரு போலிருக்கே! 'செய்முறை: கணவரிடம் நான்கு நாள் பேசாதிருத்தல், ஐந்தாம் நாள் அவரே வந்து தோல்வியை ஒப்புக்கொள்வார்'னு போன மாசமே டைப் பண்ணி வைக்கச் சொன்னீங்களே, அந்தத் தாளை இப்ப மூணாம் அலகுல சேத்துடலாமா?"