விதைக்கிழங்கும் விடியற்காலைப் பள்ளமும்

மறுபடியும் பள்ளம் விழுந்திருந்தது.

நெவில் பாத்தியோரம் நின்று அதையே பார்த்தான். நேற்றுச் சாயங்காலம் முட்டி போட்டு, கட்டி கட்டியாக உடைத்து, பல்வாரியால் சீவிச் சீவி மாவு மாதிரி ஆக்கிவிட்டுப் போன மண். இப்போது நட்ட நடுவில் பள்ளம். தோண்டின பள்ளம் இல்லை, அழுந்தின பள்ளம். பெரிய சட்டி ஒன்றை வைத்து எடுத்த மாதிரி அகலமாக, வழவழவென்று இருந்தது.

"நரிதான்," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான் ஆர்ச்சி. பக்கத்துத் துண்டு நிலத்துக்காரன். நிலக்கரிச் சுரங்கத்தில் காது பாதி போய்விட்டதால் அவன் எதையும் கத்தித்தான் சொல்வான். "நரி வந்து படுத்துட்டுப் போயிருக்கு."

"அது ஏன் என் துண்டுல வந்து படுக்கணும்? உன் துண்டுல படுக்க வேண்டியதுதானே?"

"என் மண்ணு கல்லு. நீ மெத்தை போட்டு வச்சிருக்க. எனக்கே படுக்கலாம்னு தோணுது."

நெவிலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

ரயில் பாதைக்கும் மூடிக்கிடக்கிற இரும்பாலையின் சுவருக்கும் நடுவே கவுன்சில் வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள் அவை. ஒரு துண்டு கிடைக்க நெவில் ஆறு வருஷம் காத்திருந்தான். கிடைத்தபோது ஆலையை மூடிவிட்டிருந்தார்கள். இருபத்தாறு வருஷம் உலைக்கு முன்னால் நின்றவன், வீட்டில் குளிர்காயும் கேஸ் அடுப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை. அவன் மனைவி மேவிஸ் நாற்காலியைத் தூசி தட்டும்போது அவனையும் சேர்த்துத் தட்டிவிட்டுப் போவாள்.

துண்டு கிடைத்த முதல் வருஷம், மார்ச் மாதத்தில் ரெண்டு நாள் வெயில் அடித்ததும், ஓடிப்போய் உருளை விதைக்கிழங்கை நட்டான். முளை மண்ணைத் தள்ளி எட்டிப் பார்த்த வாரம் உறைபனி விழுந்தது. எல்லாம் கறுத்துச் செத்தது. அதோடு மனசு விட்டுப்போய், கோடை முழுக்கக் களை வளர்த்தான். களை நன்றாக வந்தது.

அப்போதுதான் துண்டுக்காரர்கள் சங்கத்தின் தலைவி மிஸஸ் ஹார்டேக்கர் வந்து நின்றாள். உயரமான, அகலமான அம்மாள். மழைக்கோட்டின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பாள். அவள் சிரித்ததை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

"அடுத்த ஈஸ்டர் திங்கள் வருவேன். அன்னைக்குக் கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கணும். இல்லன்னா துண்டு வேற ஆளுக்கு. வரிசையில எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

கிழங்கை என்றைக்கு நடுவது என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும். வாசல் கதவில் ஒரு கரும்பலகை தொங்கும். வசந்தம் பிறந்ததும் தினம் காலையில் சுண்ணாம்புக்கட்டியால் அதில் ஒரு வரி எழுதுவாள். 'இன்னும் இல்லை.' என்றைக்கு 'நடலாம்' என்று எழுதுகிறாளோ, அன்றைக்கு எல்லோரும் மண்வெட்டியைத் தூக்குவார்கள். இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அவளுடைய அப்பா ஒரு பெரிய பிரபுவின் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராம். மண்ணின் சூட்டை அளக்கிற பித்தளைக் கருவி ஒன்றை மகளுக்கு விட்டுவிட்டுப் போனாராம். அந்தக் கருவியை யாரும் பார்த்ததில்லை. பார்க்கக் கேட்கிற தைரியமும் யாருக்கும் வந்ததில்லை.

பலகை இன்றைக்கும் 'இன்னும் இல்லை' என்றது.

நெவில் பள்ளத்தை மூடினான். வீட்டிலிருந்து மேவிஸின் மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து மேல்மண்ணைச் சலித்துப் போட்டான். மறுநாள் காலை பள்ளம் முன்னைவிட ஆழமாக, முன்னைவிடச் சொகுசாக இருந்தது.

"நீ மண்ணைப் பொடியாக்க ஆக்க அதுக்கு வசதியா இருக்குய்யா," என்றான் ஆர்ச்சி.

அன்று சாயங்காலம் பாத்தி முழுக்க வலை போட்டு, நாலு மூலையிலும் முளை அடித்துக் கட்டினான். மறுநாள் காலை பள்ளம் இருந்தது. வலை பாத்தியோரம் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. முளைகள் அதன்மேல் வரிசையாக இருந்தன.

"ஆர்ச்சி, நரி வலையை மடிச்சு வைக்குமாய்யா?"

ஆர்ச்சி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "என் பெஞ்சாதியே மடிச்சு வைக்க மாட்டா."

"அப்ப ஆளுதான். வரிசையில நிக்கிறவன் எவனோ செய்யறான். பாத்தியைக் கெடுத்தா அந்தம்மா என்னைத் துரத்திடும், துண்டு அவனுக்குப் போயிடும்."

"இருக்கும். கிழங்கை நட்டுட்டா வேலை முடிஞ்சது. பலகை சொன்னாத்தானே நடறது?"

"அது எப்பச் சொல்லும்?"

"கருவி சொன்னாச் சொல்லும். அந்தக் காலத்துல கருவி ஏது? எங்க தாத்தா ஊருல டிரவுசரை இறக்கிட்டு வெறும் பின்பக்கத்தோட மண்ணுல உட்காருவாங்களாம். துள்ளி எந்திரிச்சா இன்னும் நாள் இருக்குன்னு அர்த்தம். எந்திரிக்க மனசு வரலைன்னா நட வேண்டியதுதான்."

ஆர்ச்சி சொல்லிவிட்டு வேலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தான். நெவிலும் சிரித்தான். அந்த நேரம் பார்த்து நடைபாதையில் மிஸஸ் ஹார்டேக்கர் வந்தாள். பின்னாலேயே அவள் கணவர் சிரில், அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு.

"இங்க என்ன கூத்து?" என்றாள்.

"ஒண்ணுமில்லைங்கம்மா. அந்தக் காலத்து முட்டாள்தனத்தைப் பத்திப் பேசிட்டிருந்தோம்," என்றான் ஆர்ச்சி.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆர்ச்சி குனிந்து, இல்லாத களையைப் பிடுங்கினான்.

வீட்டில் மேவிஸ் ஜன்னலோரம் முட்டை அட்டைகளில் அடுக்கி வைத்திருந்த விதைக்கிழங்குகளைக் காட்டினாள். முளை விரல் நீளத்துக்கு வந்திருந்தது.

"இதுங்க இன்னும் ரெண்டு நாள்ல தானே ஜன்னலைத் திறந்துட்டுக் கிளம்பிடும். என்ன மகராசா, துண்டு நிக்குமா நிக்காதா?"

"நிக்கும்."

"நிக்கணும். இந்த ஒரு மாசமாத்தான் நீ சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடற. மறுபடியும் அந்த நாற்காலியில போய் உட்கார்ந்தேன்னு வச்சுக்கோ, நாற்காலியை வித்துடுவேன். உன்னையும் சேர்த்து."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் கிழங்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நெவில் கொல்லைக்குப் போனான். மேவிஸ் கழித்துப் போட்டிருந்த ரோஜாக் கிளைகள் குவியலாகக் கிடந்தன. முள் ஒவ்வொன்றும் பூனை நகம் மாதிரி. சாக்கில் அள்ளிக்கொண்டு போய்ப் பாத்தி நடுவில் பரப்பி, மேலே மெல்லிசாக மண்ணைத் தூவினான்.

"யாரா இருந்தாலும் சரி, இன்னைக்குத் தெரியும்," என்றான்.

மறுநாள் வியாழன். பள்ளம் விழுந்திருந்தது. ஆனால் ஓரமெல்லாம் சிதறிக் கலைந்திருந்தது. யாரோ அவசரமாக எழுந்து போயிருக்கிறார்கள். நெவிலுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆர்ச்சிக்குச் சொல்லலாம் என்று வாசல் பக்கம் நடந்தான். அங்கே ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள்.

பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பெரிய வெள்ளியன்றும் எழுதவில்லை. மக்கள் முட்டை அட்டைகளைக் கையில் ஏந்திக்கொண்டு வெற்றுப் பலகைக்கு முன்னால் நின்றார்கள். பெரிய வெள்ளியில் நடுவதுதான் முறை, பலகையாவது மண்ணாங்கட்டியாவது என்றது ஒரு கூட்டம். போன வருஷம் நெவில் நட்ட மாதிரியா என்றது இன்னொரு கூட்டம். நெவில் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டான்.

மருந்துக்கடைப் பொட்டலத்தோடு சிரில் அந்த வழியாக வந்தார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அம்மா எங்கே?"

"உடம்பு சரியில்ல. படுத்திருக்கா."

"கருவியையாவது குடுத்து அனுப்பச் சொல்லுங்களேன். நாங்களே பாத்துக்கறோம்."

சிரில் கேட்டவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதைக் குடுத்தனுப்ப முடியாது," என்று சொல்லிவிட்டு வேகமாக நடையைக் கட்டினார்.

நெவில் அன்று முழுக்க யோசித்தான். பலகை பேசாமல் நட்டால் போன வருஷக் கதை. நடாமல் இருந்தால் திங்கட்கிழமை துண்டு கையை விட்டுப் போகும். யாரைக் கேட்பது? வானொலிக்காரன் வெயிலும் மழையும் பனியும் மாறி மாறி வரும் என்றான். அதைச் சொல்ல வானொலி எதற்கு?

சனிக்கிழமை நன்றாக விடியுமுன்னே துண்டுக்குப் போனான். முள் கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டான். மண்ணைத் தடவிச் சமன் செய்தான். கையை வைத்துப் பார்த்தான். உலைக்கு முன்னால் காய்ந்து காய்ந்து தடித்துப்போன கை. அதற்குச் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை.

சுற்றிலும் பார்த்தான். ஒருபுறம் ஆலைச் சுவர், ஒருபுறம் வேலிப்புதர். ஆள் நடமாட்டம் இல்லை. டிரவுசரை இறக்கினான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலில் ஈரம் தெரிந்தது. துள்ளி எழப் போகிறோம் என்று காத்திருந்தான். எழவில்லை. மண் லேசான வெதுவெதுப்போடு அவனைத் தாங்கிக்கொண்டது. ஆலை மூடின நாளிலிருந்து அவன் இவ்வளவு நிம்மதியாக எங்கும் உட்கார்ந்ததில்லை. எழுந்திருக்க மனசே வரவில்லை. ஆசையாக இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தான்.

எடுக்காமல் விட்ட முள் ஒன்று அங்கேதான் இருந்தது. ஒன்றல்ல என்பது பிறகு தெரிந்தது.

அவன் போட்ட கூச்சல் ஆர்ச்சிக்கே கேட்டது. தன் கொட்டகையில் டீ போட்டுக்கொண்டிருந்தவன் வேலிக்கு ஓடிவந்தான். நெவில் ஒரு கையால் டிரவுசரைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா ஆச்சு?"

"மண்ணு... மண்ணு சூடாயிடுச்சு!"

"அதுக்கா இந்தக் குதி குதிக்கற?"

"நடப் போறேன்யா! இன்னைக்கே நடப் போறேன்!"

ஆர்ச்சி டிரவுசரைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான், நெவிலின் முகத்தைப் பார்த்தான். போய்த் தன் முட்டை அட்டையை எடுத்துவந்தான். அவன் ஒருவனிடம் சொன்னாலே போதும், அது ஊருக்கே சொன்ன மாதிரி. மத்தியானத்துக்குள் பாதித் துண்டுகளில் சால் இழுத்தாகிவிட்டது. மேவிஸ் அட்டைகளைச் சுமந்து வந்து, முளை மேலே பார்க்க ஒவ்வொரு கிழங்காகச் சாலில் வைத்தாள். நெவில் மண்ணைத் தள்ளி மூடினான்.

"நாளைக்குப் பனி விழுந்துச்சுன்னா இத்தனை பேரும் சேர்ந்து உன்னையும் ஒரு சால்ல வச்சு மூடிடுவாங்க," என்றாள் மேவிஸ்.

பனி விழவில்லை. திங்கட்கிழமை மெல்லிய தூறல். தூறலில் மண் கறுத்து மின்னியது.

மிஸஸ் ஹார்டேக்கர் வழக்கத்தைவிட மெதுவாக, கால்களைச் சற்று அகட்டி வைத்து நடந்துவந்தாள். பின்னால் சிரில் மடக்கு நாற்காலியோடு வந்தார். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு துண்டிலும் அந்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நீதிபதி மாதிரி விசாரிப்பாள். சிரில் நாற்காலியை விரித்தார்.

"மடக்கு அதை," என்றாள்.

நின்றபடியே நெவிலின் சால்களைப் பார்த்தாள். கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தன. பலகையின் பக்கம் கையைக் காட்டினாள்.

"நான் எழுதலையே. யாரைக் கேட்டு நட்ட?"

"மண்ணு சூடாயிடுச்சுங்கம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்? கருவி இருக்கா உன்கிட்ட?"

நெவிலின் காது சிவந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்ச்சி இருமினான்.

"இருக்குதுங்கம்மா," என்றான் நெவில். "பிறந்ததுலேருந்து இருக்கு."

அவள் அவனையே வெகுநேரம் பார்த்தாள். அந்த முகத்தில் என்னவோ ஒன்று வந்து, வாயோரம் கொஞ்சம் நடுங்கி, மறைந்தது.

"துண்டு உன்னுதுதான்," என்றாள். "மேல்மண்ணைச் சலிக்கிறியே, அதை விட்டுடாதே. அடுத்த வருஷமும் இதே மாதிரி பொடியா வச்சிரு. இந்த வேலிக்குள்ள இவ்வளவு நல்ல மண்ணு வேற எங்கயும் இல்ல."

மேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள். வாளியைக் கவிழ்த்து நெவிலிடம் தள்ளினாள். "உட்காரு. இன்னைக்காவது நிம்மதியா உட்கார்ந்து குடி."

"வேணாம். நின்னே குடிக்கிறேன்."

"சரி, மிஸஸ் ஹார்டேக்கர், நீங்களாவது உட்காருங்க."

"பரவாயில்ல. நானும் நின்னே குடிக்கிறேன்."

இரண்டு பேரும் பாத்திக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள். சிரில் மனைவியைப் பார்த்தார், நெவிலைப் பார்த்தார், வேலியோரம் கிடந்த ரோஜா முட்களைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து நெவிலிடம் நீட்டினார்.

"இந்தா நெவிலு, முள்ளுவாங்கி. இவளுக்கு நேத்தோட எல்லாத்தையும் எடுத்து முடிச்சாச்சு."