அப்ப மாவும் ஃபேன் பெல்ட்டும்

உலகன்னான் என்கிற நான் உயிரோடு இருக்கும்வரை என் கார் ஸ்டியரிங்கை அன்னக்குட்டி தொடமாட்டாள் என்று சபதமே எடுத்திருந்தேன். கட்டின பெண்டாட்டிதான். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாக நச்சரிக்கிறாள். சாவியோ என் தலையணைக்கு அடியில் தூங்கும்.

பள்ளிப் பெருநாளுக்கு, அதாவது எங்கள் சர்ச் திருவிழாவுக்கு, முந்தின நாள் ஃபேன் பெல்ட் அறுந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் அவள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புதுசு வாங்கி வந்து நானே மாட்டினேன். பேட்டரிக்கு உசிர் கொடுக்கும் ஆல்டர்னேட்டரை இழுத்துப் பிடித்தால்தான் பெல்ட் இறுகும். ரொம்ப இறுக்கினால் பேரிங் போய்விடுமாம். அதனால் கொஞ்சம் கருணை காட்டி போல்ட்டை முடுக்கினேன். ஸ்டார்ட் செய்தால் பெல்ட்டில் துளி சத்தமில்லை. அணைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

பாலப்பத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"அச்சாயா, தொளதொளன்னு இருக்கே."

"உனக்கென்னடி தெரியும்?"

"கிரைண்டர் பெல்ட்டை நான்தானே மாத்துறேன். வெறும் கிரைண்டர் கத்தாது. அரிசியைப் போட்டாத்தான் கத்தும்."

"இது கார்டி. மாவாட்டுற மிஷின் இல்ல."

"சரி. நாளைக்குப் பள்ளி போய்ச் சேர்றவரைக்கும் கத்தலைன்னா, இனிமே சாவிப் பேச்சே எடுக்க மாட்டேன். கத்துனா?"

"நீயே ஓட்டிக்க."

ஒரு வருஷத் தொல்லை ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் கார் சமர்த்தாக ஓடியது. பள்ளி மேட்டுக்குக் கீழே அவள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். வேக்காடாம். ஃபேனை முழுசாக வைத்தேன். எதிரே ஊர்வலம் வருகிறது, லைட் போட்டால் நல்லது என்றாள். போட்டேன். கண்ணாடியில் தூசி என்றாள். வைப்பரையும் போட்டேன். பெண்டாட்டிக்கு என்ன அக்கறை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மேடு ஏறினோம். கார் போட்ட கூச்சலில் செண்டைமேளமே நின்றுவிட்டது. வெள்ளிக் குடைக்கு அடியிலிருந்து பாதிரியார் அச்சன் எட்டிப் பார்த்தார்.

"அரிசியைப் போட்டாச்சு," என்றாள் அன்னக்குட்டி. ஃபேனும் லைட்டும் வைப்பரும் இழுத்த கரண்டுக்கு ஆல்டர்னேட்டர் திணறித்தான் பெல்ட் வழுக்கிக் கத்துகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காரை ஓரங்கட்டி அணைத்தேன். அவள் கைப்பையிலிருந்து கிரைண்டர் ஸ்பேனரை எடுத்தாள். போல்ட்டைத் தளர்த்தி, ஜாக்கிக் கம்பியால் ஆல்டர்னேட்டரை நெம்பி முடுக்கினாள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினாள். மாட்டினதெல்லாம் சரிதான், கொஞ்சம் இறுக்கம்தான் போதவில்லை என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். நான் இறங்கிச் சுற்றிப்போய் இடது பக்கம் உட்கார்ந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, மேட்டில் நன்றாகவே ஓட்டினாள். லைட், ஃபேன், வைப்பர் எதையும் அணைக்கவில்லை. பெல்ட் மூச்சுவிடவில்லை. நானும்தான்.

சாவி இப்போது அவள் தலையணைக்கு அடியில் தூங்குகிறது.