பள்ளத்தாக்கு தெரியுதா?

டாக்ஸி டிரைவர் ராஜமுருகனின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, நீங்களே பாருங்க. டீ குடிச்சாச்சு, வண்டியத் தொடச்சாச்சு, இன்னும் சுத்திக்கிட்டே கெடக்கு. உள்ள சேலத்துப் பார்ட்டி உக்காந்திருக்கு. போனை வேற ஒண்ணும் அமுக்க முடியல. செத்த எலி மாதிரி கெடக்கு."

ஜெரால்டு போனை வாங்கிப் பார்த்தான். திரையில் ஒரே கேள்வி: 'பள்ளத்தாக்கு தெரியுதா?' அதற்குக் கீழே வட்டம். சன்னலுக்கு வெளியே வில்பட்டியின் காரட் வயல்களைப் பனி ஒவ்வொரு படியாக விழுங்கிக்கொண்டிருந்தது. வட்டம் சுற்றுவதையும் பனி ஏறுவதையும் மாறி மாறிப் பார்த்ததில், தான் எதற்கு எழுந்து வந்தோம் என்பதையே அவன் மறந்துவிட்டான்.

"அண்ணே!"

"ம்?"

"தூங்கிட்டீகளா?"

முன்பெல்லாம் கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் நேரே கிழக்கு முனைக்குப் போவார்கள். பள்ளத்தாக்கு தெரிந்தால் பார்ப்பார்கள். தெரியாவிட்டால் சோளக்கருது தின்றுவிட்டுத் திரும்புவார்கள். யாரும் சாகவில்லை. இப்போது போனைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார்கள். பனியைப் பார்த்துச் சொல்லும் கருவி ஒன்றைக் கிழக்கு முனையில் வைத்திருப்பதாக மதுரையில் ஒரு கம்பெனி சொன்னது. சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

போனிலிருந்து கேள்வியை அந்தக் கருவிக்குக் கொண்டுபோய், பதிலை வாங்கிவரும் நிரல்தான் ஜெரால்டு எழுதியது. அதற்கு லைப்ரரி என்று பெயர். புத்தகம் ஒன்றுகூட அதில் கிடையாது. டாக்ஸி ஆப், லாட்ஜ் ஆப் என்று பலரும் அதை எடுத்துத் தங்கள் ஆப்பில் ஒட்டிக்கொண்டார்கள். அதில் ஒரு குறை. கேள்வியைக் கேட்டுவிட்டால் பதில் வரும்வரை அங்கேயே நிற்கும். பதில் வராவிட்டாலும் நிற்கும்.

பெங்களூரிலிருந்து அவனுடைய மேலதிகாரி சுகன்யா மேடம் அழைத்தார்.

"ஜெரால்டு, இதுல டைம்அவுட்டே போடலையா நீங்க?"

"பதில் வந்துரும்ங்க மேடம். கொஞ்சம் பொறுத்தா..."

"யாரு பொறுக்குறது? எத்தனை நொடி காத்திருக்கணும்னு யூஸ் பண்றவங்களே செட் பண்ணிக்கிற மாதிரி வேணும். இந்த வாரத்துக்குள்ள. இல்லைன்னா வீட்டுல இருந்து வேலை பாக்குற கதையெல்லாம் முடிஞ்சுது. திங்கட்கிழமை இங்க ஆபீஸ்ல வந்து உக்காருங்க."

பெங்களூரில் ஜெரால்டு கொஞ்சகாலம் இருந்திருக்கிறான். அங்கே சன்னலைத் திறந்தால் அடுத்தவன் சன்னல் இருக்கும். பனி என்று ஒன்று வீட்டுக்குள் வந்து மேசைமேல் உட்கார்ந்துவிட்டுப் போகாது. மலையை விட்டு இறங்குவதை நினைத்தாலே அவனுக்குக் காது அடைத்தது.

சாயங்காலம் செலினா வந்தாள். அவன் மனைவி. கிழக்கு முனையில் காரட் கடை போட்டிருக்கிறாள்.

"ஏங்க, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். கடையில..."

"செலினா, இப்ப பேசாத. தலைக்குள்ள ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு."

"அது எப்ப நிக்கும்?"

"இந்த வாரம் போகட்டும்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளனே டைம்அவுட்டைப் போட்டான். இப்போதைக்குப் பொதுவாகப் பத்து நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் வட்டம் நின்றுவிடும். 'பதில் இல்லை' என்று வரும். போன் உயிரோடு இருக்கும்.

மத்தியானம் ராஜமுருகன் வாசலில் நின்றான்.

"அண்ணே, போன் நல்லாருக்கு. பதில்தான் யாருக்குமே வரல. எத்தனை டிரைவரு இருக்கோமோ அத்தனை பேருக்கும் 'பதில் இல்லை'."

ஜெரால்டு முன்பு வந்த பதில்களின் கணக்கைத் தோண்டிப் பார்த்தான். கருவி ஒரு சமயம் சட்டென்று பதில் சொல்லியிருந்தது. ஒரு சமயம் ஆற அமரச் சொல்லியிருந்தது. சோற்று நேரத்தில் சொல்வதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயைத் திறப்பதில்லை. மதுரைக்காரன் மட்டமான பேட்டரி போட்டிருக்கிறான் என்று முடிவு செய்தான். படித்தவர்கள் இப்படித்தான் வெரசா ஒரு முடிவுக்கு வருவார்கள்.

"பதில் வரலைன்னா என்ன செய்றீங்க?"

"திரும்ப அமுக்குறோம்."

"அதுக்கும் வரலைன்னா?"

"திரும்ப அமுக்குறோம். வேற என்ன சோலி?"

அன்றைக்குச் செலினா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்து முட்டி போச்சுங்க."

"சீசன்ல அப்படித்தான். கூட்டம் இருக்கும்."

"கூட்டமா? ஒரு கட்டுக் காரட்டு விக்கல."

அவன் காதில் அது விழவில்லை. ஜனங்கள் எதற்காகத் திரும்பத் திரும்ப அமுக்கிக் கஷ்டப்பட வேண்டும் என்று அவனுக்கு ஓர் இரக்கம் பிறந்திருந்தது. பத்து நொடியில் பதில் வராவிட்டால் லைப்ரரியே தானாக மறுபடி கேட்கும்படி எழுதினான். வரும்வரை கேட்கும். சலிக்காது.

எழுதி அனுப்பிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தான். பனி சன்னல் வழியாக வந்து விசைப்பலகைமேல் படுத்தது. கனவில் அவன் கிழக்கு முனையில் நின்றான். கீழே பள்ளம் முழுக்க வெள்ளையாகப் பஞ்சு. 'தெரியுதா?' என்று கேட்டான். மலை முழுக்க அவன் குரலே 'தெரியுதா, தெரியுதா' என்று நடந்து போனது. பதிலுக்கு யாரோ எங்கோ முட்டியைப் பிடித்துக்கொண்டு, "யேசப்பா..." என்று எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. நல்ல கனவாக இருக்கிறதே என்று அதிலேயே கொஞ்சநேரம் இருந்தான்.

மறுநாள் ராத்திரி வீட்டில் சோறு இல்லை.

"கஞ்சி இருக்கு, ஊத்திக் குடிங்க," என்றாள் செலினா. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்மேல கோவமா?"

"ஒங்கமேல என்ன கோவம்? எவனோ ஒருத்தன் இருக்கான். அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்."

"யாரு?"

"நீங்கதான் தலைக்குள்ள ஓடுதுன்னீகளே. அது நிக்கட்டும், சொல்றேன்."

கடைக்கு வந்த யாரோ வாயாடியிருப்பார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். கஞ்சி ஆறிப் போயிருந்தது.

கருவி இப்போது முன்னைவிட மெதுவாகப் பதில் சொன்னது. சுகன்யா மேடம் மறுபடி அழைத்தார்.

"நான் என்ன சொன்னேன்? அவங்கவங்க நேரத்தை அவங்கவங்களே செட் பண்ணணும்னு சொன்னேன். நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"அதைத்தான் இப்ப போடுறேன் மேடம்."

போட்டான். ஆப்பில் ஒரு கட்டம் வந்தது: 'எத்தனை நொடி காத்திருக்க வேண்டும்?' எண்ணை அவரவர் வைத்துக்கொள்ளலாம். சுத்தமான வேலை. ஜெரால்டுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும்வரைதான்.

"எத்தனை வச்சிருக்க?" என்று ராஜமுருகனைக் கேட்டான்.

"ஒண்ணுண்ணே."

"ஒரு நொடியா? ஏன்டா?"

"கம்மியா வச்சா வெரசா வரும்ல? பவுல்ராஜு அஞ்சு வச்சிருந்தான். அவன் வண்டி மாதிரியே போனும் ஸ்லோன்னு எல்லாரும் சிரிச்சோம். ரோசத்துல அவனும் ஒண்ணாக்கிட்டான். இப்ப ஸ்டாண்டுல எல்லாருமே ஒண்ணுதான்."

"அது வேகம் இல்லடா. பொறுமை. எவ்வளவு நேரம் பொறுப்பீங்கன்னு கேக்குது."

"பொறுமையா? அதைப் போயி எவனாச்சும் போன்ல வைப்பானா?"

ஸ்டாண்டு முழுக்க எல்லாப் போன்களும் நொடிக்கு ஒரு தரம் பள்ளத்தாக்கு தெரியுதா, தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டிருந்தன. லாட்ஜ்காரர்களும் கேள்விப்பட்டு ஒன்றாக்கினார்கள்.

சனிக்கிழமை காலை கருவி திடீரென்று சுறுசுறுப்பானது. கேட்ட மாத்திரத்தில் பதில். ஜெரால்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். அப்புறம் பதிலைப் படித்தான். 'தெரியாது. தெரியாது. தெரியாது. தெரியாது.'

வெளியே பார்த்தான். வெயில் காரட் வயலில் பளபளத்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ராஜமுருகன் ஓடிவந்தான்.

"அண்ணே, இப்பத்தான் ரோட்டு வளைவுல நின்னு பாத்தேன். பள்ளம் அடிவரைக்கும் தெரியுது. ஆடு மேயிறதுகூடத் தெரியுது. இது தெரியாதுங்குதே! வந்த பார்ட்டியெல்லாம் ஊட்டிக்குக் கெளம்புறேங்குறாங்க."

ஜெரால்டு மதுரைக் கம்பெனிக்குப் போன் போட்டான். நெடுநேரம் கழித்து ஓர் ஆள் எடுத்தான்.

"உங்க கருவி கெட்டுப்போச்சுங்க."

"கருவி நல்லாத்தான் சார் இருக்கு. காலையில இருந்து கொஞ்சம் சூடா இருக்கு."

"அப்ப அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க."

"ஐயையோ, அதெல்லாம் நாங்க கிட்டவே போக முடியாது சார். நீங்க யாரு? இந்தக் கேள்வியெல்லாம் அனுப்புறது நீங்கதானா?"

"ஆமா. அந்த லைப்ரரி எழுதுனதே நான்தான். வில்பட்டி ஜெரால்டு."

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

"சரி சார். சொல்லிடுறேன்."

"யார்கிட்ட?"

இணைப்பு அறுந்துவிட்டது.

உடனே பெங்களூர். "ஜெரால்டு, சாயங்காலம் வரைக்கும்தான் டைம். இல்லைன்னா டிக்கெட் போட்டுருங்க."

"ராஜமுருகா, வண்டிய எடு," என்றான் ஜெரால்டு. "அந்த மிஷினை நானே கண்ணால பாத்துடுறேன்."

பாதி வழியில் பனி வந்துவிட்டது. இந்த மலையில் அப்படித்தான், யாரையும் கேட்டுக்கொண்டு வராது. மரங்கள் வேரில்லாமல் மிதந்தன. ரோடு எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. ஒரு வளைவில் வில்பட்டி போகும் பஸ் மஞ்சள் விளக்கோடு எதிரே மெல்ல வந்து, மெல்லக் கடந்து போனது. சன்னலோரத்தில் ஒரு பெண் தன்னை முறைத்தது போல ஜெரால்டுக்குத் தோன்றியது. பனிக்குள் எல்லோருமே முறைப்பது போலத்தான் தெரியும் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். பெங்களூர் சன்னல் ஒன்று கண்ணுக்குள் வந்து நின்றது.

கிழக்கு முனையில் ஈ காக்கை இல்லை. கம்பி வேலி, அதற்கு அப்பால் வெள்ளை. கம்பம், பெட்டி, வயர், விளக்கு எதுவும் இல்லை. வேலியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடவிப் பார்த்துவிட்டான். செலினாவின் கடை திறந்து கிடந்தது. காரட்டெல்லாம் அடுக்கினபடி இருந்தது. அவளைக் காணோம்.

பக்கத்தில் வீரம்மாள் சோளக்கருதை அனலில் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க பள்ளம் தெரியுதா இல்லையான்னு பாத்துச் சொல்ற மிஷின் ஒண்ணு இருக்காமே. எங்கக்கா?"

வீரம்மாள் விசிறியைக் கீழே வைத்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மிசினா? ஒம் பொண்டாட்டிதான்யா மதுரைக் கம்பெனி காசுக்கு எந்திரிச்சு எந்திரிச்சு பள்ளத்த எட்டிப் பாத்துப் போன்ல அமுக்கிக்கிட்டுக் கெடந்தா. இன்னைக்கு எந்திரிக்காமலே 'தெரியாது'ன்னு அமுக்கிட்டா. நொடிக்கொருக்கா கேட்டு உசுர எடுக்குற அந்த வில்பட்டிக்காரன் பேரை மதுரைக்காரன் இப்பத்தான் சொன்னான், கடையைக்கூட மூடாம பஸ் ஏறிட்டா!"