ஊர்ப் பெயர் போட்ட மூடி

மருந்துக்கடை முனையில் சாக்கடையின் கம்பி மூடியையும் காணவில்லை. வண்டிகளுக்கு எச்சரிக்கையாக யாரோ குழியில் ஒரு மாங்கிளையைச் செருகி, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.

அரோயோ போரா நகராட்சியின் வடிகால் மேற்பார்வையாளர் அனக்லேத்தோ துணியைச் சந்தேகத்தோடு திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோட சட்டை?"

"நம்ம ஆபீஸ் கொடி மாதிரி இருக்கு தலைவரே," என்றான் டிரைவர் சிரிலோ.

மேயர் தெலியா சிரிக்கும் நிலையில் இல்லை. "பாதிரியார் கார் குழியில இறங்கினப்பவே இன்ஷூரன்ஸ்காரங்க கைய விரிச்சாச்சு. மூடி இல்லாத குழிக்குப் பொறுப்பு இல்லையாம். மாசக் கடைசியில அவங்க இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்க. மூடி குறைஞ்சா பாலிசி கிடையாது. பாலிசி போச்சுன்னா நீங்களும் வீட்டுக்குப் போகலாம்."

அனக்லேத்தோ நேரே பழைய இரும்புக்கடை பவுலினோவிடம் போனார். குவியல்களைக் கிளறினார். பவுலினோ நாற்காலியை விட்டு எழாமல் குளிர்ந்த தெரெரே மூலிகைப் பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"நல்லாத் தேடுங்க அனக்லேத்தோ ஐயா. வந்திருந்தா வாங்கியிருப்பேன். ஒருத்தனும் விக்க வரல. அதான் எனக்கும் சந்தேகம்."

திருடுகிறவன் விற்கவில்லை என்றால் எதற்குத் திருடுகிறான்? அனக்லேத்தோவுக்குத் தூக்கம் போயிற்று. காருக்கு நஷ்டஈடு கேட்ட பாதிரியார் மேலும் ஒரு கண் வைத்தார்.

பிறகு யோசனை வந்தது. புதிய மூடிகளில் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் வார்த்துக் கொண்டுவந்தார். எடுத்தால் எவனாலும் ஒளிக்க முடியாது.

மறுநாள் பழைய மூடிகள் அப்படியே கிடந்தன. எழுத்துப் போட்டவை மட்டும் போயிருந்தன.

"அழகான எழுத்து," என்று பாராட்டினாள் பேக்கரிக்காரி. "இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்களேன்."

"எதுக்கு?"

"சும்மா. ஊர்ப் பெருமைதானே."

அவள் பெயரும் அவருடைய சந்தேகப் பட்டியலில் ஏறியது.

மறுபடி வார்த்தார். இந்த முறை மூடிகளை அசையாதபடி வெல்டிங் வைத்தார். அன்று மாலையே மழை கொட்டியது. இலையும் பிளாஸ்டிக் பையும் கம்பிகளை அடைத்தன. தூக்கிச் சுத்தம் செய்ய வழியில்லை. தெரு ஆறாயிற்று.

"அனக்லேத்தோ!" போனில் மேயர் அலறினார். "என் சோபா மிதக்குது! அறுத்தெறிங்க அதையெல்லாம்!"

அறுத்து, ஓரமாக அடுக்கினார்கள். தண்ணீர் வடிவதற்குள் மூடிகளும் வடிந்துவிட்டன.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வேறு வழியில்லாமல் பலகைகளுக்குக் கறுப்புச் சாயம் பூசிக் குழிகளை மூடினார்.

"தொட்டுப் பார்த்தா?" என்றான் சிரிலோ.

"தொட விடக் கூடாது. வந்ததும் வயிறு முட்டச் சாப்பாடு போடு. கண்ணு சொக்கணும். அப்புறம் ஜீப்லயே ஒரு சுத்து சுத்திக் காட்டி அனுப்பிடலாம்."

இன்ஸ்பெக்டர் ஓவேலார் அம்மாள் சிரிக்காத முகத்தோடு வந்தார். நகராட்சி முற்றத்தில் விறகுக் கனல் சிவந்திருந்தது. மேயரும் பாதிரியாரும் ரொட்டிக் கூடையோடு பேக்கரிக்காரியும் விருந்துக்கு வந்திருந்தார்கள். புகைக்கு நடுவே சிரிலோ விலா இறைச்சியைப் புரட்டினான். மரவள்ளிக்கிழங்கோடு முதல் துண்டு அம்மாளின் தட்டில் விழுந்தது.

அவர் கத்தியை எடுத்தார். வைத்தார். தட்டை மெல்லத் திருப்பினார்.

இறைச்சியின் மேல், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, கருகலாக, தெளிவாக, ஊர்ப் பெயர் பதிந்திருந்தது.

அனக்லேத்தோ அடுப்பை எட்டிப் பார்த்தார். "சிரிலோ, அடுப்பு மேல வெச்சிருக்கியே, அந்தக் கம்பித் தட்டு யாரோடது?"

"மேயரம்மா வீட்டுது தலைவரே. என்னோடத மச்சினன் கேட்டான்னு குடுத்துட்டேன்."

மேயர் அவசரமாக மாமரத்தை அண்ணாந்து பார்த்தார். பேக்கரிக்காரி ரொட்டிக் கூடையைப் பார்த்தாள். பாதிரியார் கண்மூடி ஜெபிக்கத் தொடங்கினார்.

வேலை போயிற்று என்று அனக்லேத்தோவுக்குப் புரிந்தது. ஓவேலார் அம்மாள் விரலசைத்து அவரை அருகில் அழைத்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டு அடுப்புக்குக் கிடைச்சது எழுத்தில்லாத பழசு. மாத்தித் தர முடியுமா?"