பரீட்சைக்கு முன்னால் ஒரு கல்யாணம்

படிப்பை நிறுத்திக்கொள்வதும் பெயிலாவதும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இரண்டையும் கிட்டத்தில் பார்க்காதவர்கள். நிறுத்திக்கொண்டவளைப் பார்த்து ஊர், "பாவம், நல்லாப் படிக்கிற புள்ள, வீட்டுல என்ன செரமமோ" என்று உச்சுக்கொட்டும். பெயிலானவளைப் பார்த்தும் உச்சுக்கொட்டும். ஆனால் அந்தச் சத்தம் வேறு. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான், முன்பின் பார்த்திராத ஒரு மனிதரை உடனடியாகக் கட்டிக்கொள்ள நான் துணிந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் புகுமுக வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. ஹாஸ்டலில் தங்கியிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பழனி அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். கற்பூரம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாலக்காட்டிலிருந்து காவடி எடுத்து வந்தவர்களுக்குக்கூட நான் டாக்டராகப் போவது தெரியும். என் பௌதிக ஆசிரியைக்கு மட்டும்தான் தெரியாது.

பொங்கல் கழிந்து, பெரிய பரீட்சைக்கு முன்னோட்டமாக நடந்த செலக்‌ஷன் பரீட்சையில் பௌதிகம், ரசாயனம் இரண்டிலும் விழுந்தேன். பிரின்சிபால் அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். அவர் திட்டவே இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இப்படியே பரீட்சை எழுதினால் நிச்சயம் பெயில். பெயிலானால் மறுபடி இங்கே இடம் கிடையாது. நீயாக நின்றுகொண்டால் கௌரவமாக இருக்கும். இந்த மாதத்துக்குள் அப்பாவோடு வந்து ஒரு முடிவு சொல்" என்றார்.

அப்பாவோடு. அந்த ஒரு சொல் போதும், எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. காலையில் கண் விழித்ததும் வயிற்றைப் புரட்டும். கழுவுத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வாரத்தில்தான் என் அறைத்தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் படிப்பை நிறுத்திக்கொண்டாள். அவளும் என்னைப் போலவே இரண்டு பாடத்திலும் விழுந்தவள். ஆனால் வார்டன் அவளுக்குத் தலை நிறையப் பூ வைத்து அனுப்பினார். வாசல்வரை வந்து பிள்ளைகள் கையசைத்தார்கள். அவள் மார்க்கைப் பற்றி ஒரு ஜீவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வழி தெரிந்துவிட்டது.

தீபாவளிக்கு வந்த ஒரு கொடைக்கானல் சம்பந்தத்தை நான் அழுது புரண்டு தட்டிக் கழித்திருந்தேன். இப்போது ஊருக்கு வந்து அம்மாவிடம் போய், "அவங்களையே வரச் சொல்லும்மா, எனக்குச் சம்மதம்" என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பழனியில் பெண் பார்த்தால் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிடும் என்று, கொடைக்கானலில் இருந்த சித்தி வீட்டில் ஏற்பாடு செய்தார் அப்பா. வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினோம். பஸ் ஒவ்வொரு வளைவாகத் திரும்பத் திரும்ப நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே போனேன். சித்தி வீட்டில் இறங்கியபோது என் முகம் பட்டுப்புடவைக்குள் வைத்த முள்ளங்கி மாதிரி இருந்ததாம். (சித்தி சொன்னது. சித்தி எதையும் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை.)

மாப்பிள்ளை வீட்டார் பேத்துப்பாறைக்காரர்கள். அங்கே பூண்டு, காய்கறி விவசாயம். கொடைக்கானல் பஜாரில் விதைக்கடை. மாப்பிள்ளையின் அப்பா, பெரியவர், வாட்டசாட்டமாக, கம்பளிக் கோட்டு போட்டு வந்திருந்தார். அவர் மனைவி சின்ன உருவம், ஆனால் கண் எங்கேயும் விடாமல் மேயும். மாப்பிள்ளை காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மூக்கு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பஜ்ஜித் தட்டை என் கையில் கொடுத்தார்கள். எண்ணெய் வாடை ஏறியதும் மறுபடி புரட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தார்.

பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "எங்களுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குங்க. கடைக்கு வெள்ளக்காரங்க பூ வெதை கேட்டு வாராங்க. இங்கிலீசுல இவனுக்கு எஸ்சும் நோவும்தான் தெரியும். படிச்ச புள்ள வந்தா கடை நிமிந்துரும். அதனால, படிப்பக் கெடுக்க வேணாம். டிகிரிய முடிக்கட்டும். மூணு நாலு வருசம் நாங்க காத்துக் கெடக்கோம்."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. "இப்பிடிச் சொல்ற மனசு யாருக்குங்க வரும்? மேல டாக்டருக்குப் படிக்கணும்னு அதுக்கு ஆசை."

"அதையும் படிக்கட்டுங்க. நமக்கு என்ன அவசரம்."

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ மாத முடிவு நெருங்கிவிட்டது. இவர்கள் என்னை டாக்டராக்கிவிட்டுத்தான் ஓய்வார்கள் போலிருந்தது. சித்தி தாம்பூலம் மாற்ற வெற்றிலைத் தட்டை எடுக்க எழுந்தாள். அவ்வளவுதான், போச்சு என்று தோன்றிய அந்தக் கணத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"அவ்வளவு நாள் எல்லாம் வேணாங்க. இந்த மாசமே வச்சிருங்க."

பெண் பார்க்கும் இடத்தில் பெண் பேசியதே பெரிய விஷயம். பேசியது இது. அம்மா என் தொடையில் கிள்ளிய அடையாளம் கல்யாணம் வரைக்கும் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் இதமாகத்தான் இருந்தது. "எதுக்குத்தா இம்புட்டு அவசரம்?"

நான் பஜ்ஜித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"வந்ததுலருந்து ஒன்னும் வாயில வைக்கலையே. பஸ்ஸுல வாந்தி எடுத்தேன்னு உங்க சித்தி சொன்னாக."

"ஆமாங்க, வழி பூரா எடுத்தேன்" என்றேன் உண்மையாக.

"இதுக்கு முந்தியும் இப்பிடி உண்டா?"

"ஹாஸ்டல்ல தினம் காலைல புரட்டுதுங்க." கொஞ்சம் அனுதாபம் கிடைக்கட்டும் என்று நாளைக் கூட்டிச் சொன்னேன். "ஒரு மாசமா."

அம்மாவின் கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. அப்பா எழுந்து நின்றார். மாப்பிள்ளையின் அம்மாவுடைய பார்வை என் முகத்திலிருந்து மெதுவாக இறங்கி வயிற்றில் வந்து நின்றது. பின்னாலேயே மற்றவர்கள் பார்வையும். இவர்கள் எல்லோரும் ஏன் என் வயிற்றையே பார்க்கிறார்கள் என்று நானும் குனிந்து பார்த்தேன். (புகுமுக வகுப்பில் ஏன் விழுந்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

புரிந்ததும் துள்ளி எழுந்தேன். "ஐயோ, அது இல்லைங்க. நான் பெயிலுங்க" என்று கத்தினேன். "பௌதிகத்துல பெயிலு. ரசாயனத்துலயும் பெயிலு. கல்யாணம்னு சொன்னா மரியாதையா நின்னுக்கலாம். இல்லாட்டி பெயிலாகித்தான் வெளிய வரணும். அந்தப் பயத்துலதான் வாந்தி."

அம்மா என் இரண்டு தோளையும் பிடித்தாள். "பெயிலா? பெயிலு மட்டுந்தானா?"

"ஆமாம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா பெயிலும்மா."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பழனி எந்தத் திசை என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி, "முருகா, எம் புள்ள பெயிலுதான்" என்று கும்பிட்டாள். மகள் பெயிலான செய்தியை இவ்வளவு ஆனந்தமாகக் கேட்ட தாய் வேறொருத்தி இருக்க முடியாது.

அப்பாவுக்கு அந்த ஆனந்தம் வரவில்லை. "எம்புட்டு மார்க்கு?" என்றார். சொன்னேன். "அது ஒரு பாடத்துக்கா?" என்றார். "ரெண்டும் சேத்துப்பா" என்றேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிப் பனிமூட்டத்தைப் பார்த்து நின்றார். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் முறையாக உண்மையிலேயே அழுகை வந்தது.

"அப்ப டிகிரி இல்ல" என்றார் பெரியவர், தனக்குத்தானே. கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தோம்.

அதுவரை பேசாதிருந்த மாப்பிள்ளை மப்ளரை இறக்கினார். "நான் ஒன்னு கேக்கலாங்களா? இப்ப நீங்க நின்னுட்டா, காலேசுல என்ன காரணம் சொல்வீங்க?"

"கல்யாணம்னுதாங்க."

"அப்ப நாந்தான் காரணம்."

"ஆமாங்க" என்றேன்.

"அது சரிப்படாதுங்க. எங்க மதினி எட்டாங் கிளாசுல நின்னவுக. அண்ணங்கூட ஒரு சண்டைன்னா, 'ஒங்களக் கட்டாம இருந்தா நான் கலெக்டர் ஆயிருப்பேன்'ங்குறாக. எட்டாங் கிளாசுக்கே கலெக்டருன்னா, நீங்க காலேசு. ஆயுசு பூரா என்னால கேட்டுக்கிட்டுக் கெடக்க முடியாது. போயி முறையாப் பெயிலாயிட்டு வாங்க. கட்டிக்கிறேன்."

முதலில் சிரித்தது அவருடைய அம்மா. பிறகு சித்தி. பெரியவர் பொத்தானைக் கழற்றினார். வாசலில் அப்பாவின் முதுகு குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. உள்ளே வந்து, "பஜ்ஜி ஆறுது, சாப்புடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவோடு போய் பிரின்சிபால் அம்மாளிடம், பரீட்சை எழுதுகிறேன் என்றேன். "பெயிலாவாய்" என்றார். "தெரியும்மா" என்றேன். பெயிலானால் போதும் என்று ஆனபிறகு வயிறு புரட்டவில்லை. கேள்வித்தாளை முழுக்கப் படித்துப் பார்த்தது அந்த ஒரு பரீட்சையில்தான். பௌதிகத்தில் சொன்னபடியே விழுந்தேன். ரசாயனத்தில் தவறிப்போய்ப் பாஸாகிவிட்டேன். (மாப்பிள்ளை பேச்சை நான் மீறிய முதல் சம்பவம் அது.) ரிசல்ட் வந்த செய்தித்தாளில் என் நம்பர் இல்லை. அன்று கடையில் யாரோ பெண்ணின் டாக்டர் படிப்பைப் பற்றி விசாரித்ததற்கு அப்பா, "பெயிலாயிருச்சுங்க. ஆவணியில கல்யாணம்" என்றாராம், ஒரே மூச்சில். கேட்டவர் எதற்கு உச்சுக்கொட்டுவது என்று தெரியாமல் கற்பூரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

என் வயதுப் பெண்களிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது: "இவரைக் கட்டிக்காம இருந்திருந்தா நான் எப்படியோ இருந்திருப்பேன்." எந்தச் சண்டையிலும் வெற்றி தரும் வாக்கியம். அது எனக்கு மட்டும் கிடையாது. ஒரே ஒரு தடவை, பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, கோபத்தில் ஆரம்பித்துவிட்டேன். "ஒங்களக் கட்டாம இருந்திருந்தா நான்..."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "சொல்லு. என்ன ஆயிருப்ப?"

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"ரசாயனத்துலயும் பெயிலாயிருப்பேன்" என்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு யார்மீது கோபம் வந்தாலும், மருமகள்கள் உட்பட, சண்டையை இந்த வாக்கியத்தில்தான் முடிக்கிறார்கள்.